பழைய ரோலெக்ஸ், ஒமேகா க்ரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்சும் சேந்த) வாட்ச்சுக்கு ஏன் கோடிக்கணக்குல கொட்டுறாங்க? சாதாரண ஆள் சேகரிக்க ஆரம்பிக்கலாமா?

தாராளமா ஆரம்பிக்கலாம். ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கணும், இங்க யாரும் மெஷினுக்கு காசு கொடுக்குறதில்ல, டயலுக்குத்தான் கொடுக்குறாங்க.

அறுபதுகள்ல வந்த ரோலெக்ஸ் டேடோனாவுக்குள்ள ஓடுறது ரோலெக்ஸ் சொந்த மெஷின் இல்ல, வால்ஜூ 72னு வெளியில வாங்கின மெஷினை கொஞ்சம் மாத்தி போட்டிருப்பாங்க, சாவி கொடுக்குற வாட்ச்தான். அதே வால்ஜூ 72 ஹோயர் கம்பெனியோட கரேராவுல இருக்கு, எனிகார் கம்பெனியோட ஷெர்பா கிராஃப்ல இருக்கு. விலையைப் பாத்தீங்கன்னா மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

டேடோனாவுலயே இன்னொரு கூத்து இருக்கு. 6239 மாடல்ல சாதாரண டயல் போக, டயலுக்குள்ள இருக்குற சின்ன வட்டங்கள்ல கோடுங்க முனையில குட்டி குட்டி சதுரம் வச்சு, எழுத்தும் வேற ஸ்டைல்ல போட்ட ஒரு டயல் வந்துச்சு. அப்ப அதை சீந்த ஆளில்ல, கடையில தூங்குச்சு. அப்புறம் நடிகர் பால் நியூமன் அதைத்தான் கட்டியிருந்தார்னு தெரிஞ்சு அந்த டயலுக்கே அவர் பேரு ஒட்டிக்கிச்சு. அவர் கையில கட்டியிருந்த அதே வாட்ச், பின்மூடியில பாத்து ஓட்டுன்னு அவர் மனைவி பொறிச்சு கொடுத்தது, 2017 அக்டோபர்ல நியூயார்க்ல ஃபிலிப்ஸ் ஏலத்துல 1.77 கோடி டாலருக்கு போச்சு, அன்னைக்கு ரேட்டுல 115 கோடி ரூபா பக்கம்!

டயலுக்கு இவ்ளோ காசுன்னா திருட்டுத்தனமும் அங்கதானே நடக்கும். நாலு செத்த வாட்ச்லேர்ந்து பார்ட்ஸ் எடுத்து ஒண்ணா சேத்து "ஒரிஜினல்"னு தலையில கட்டுவாங்க, இதுக்கு ஃபிராங்கன் வாட்ச்னு பேரு. இது பெரிய இடத்துலயும் நடக்கும். 2021 நவம்பர்ல ஜெனீவா ஏலத்துல 1957-ம் வருஷத்து ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒண்ணு, 80,000லேர்ந்து 1,20,000 ஃபிராங்க் போகும்னு கணக்கு போட்டது, 31 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்கு போச்சு. வாங்கினது யாருன்னா ஒமேகாவே, அவங்க மியூசியத்துக்காக. 2023-ல பாத்தா அது பல இடத்து பார்ட்ஸ் சேத்து கட்டினதுன்னு வெளிய வந்துச்சு. செஞ்ச கம்பெனிக்கே இந்த கதின்னா நாமெல்லாம் எம்மாத்திரம்.

அதனால நான் வாட்ச் கையில எடுத்தா முதல்ல லூப் (பூதக்கண்ணாடி) வச்சு டயலைத்தான் பாப்பேன். ஒரிஜினல் அச்சுல எழுத்தோட ஓரம் சுத்தமா வெட்டின மாதிரி இருக்கும், மறுபடி பெயின்ட் அடிச்ச டயல்ல மை லேசா கசிஞ்சிருக்கும், நிமிஷ கோடெல்லாம் ஒண்ணு தடியா ஒண்ணு மெலிசா இருக்கும். அறுபது எழுபதுகள் சுவிஸ் வாட்ச் பலதுல 6 மணிக்கு கீழ "டி ஸ்விஸ் டி"ன்னு பொடி எழுத்து இருக்கும், டி-ன்னா டிரிட்டியம், இருட்டுல ஒளிர தடவுறது. அந்த டிரிட்டியம் வயசானா மஞ்சளாவோ பழுப்பாவோ ஆகும், டயல்ல பழுப்பா இருந்து முள்ளுல மட்டும் பளிச்சுனு வெள்ளையா இருந்தா முள்ளை மாத்தியிருக்கான், இல்ல அதுல புதுசா தடவியிருக்கான். அடுத்தது பட்டன். மேல் பட்டனை அமுக்கினா ஸ்டாப்வாட்ச் முள்ளு டக்குனு கிளம்பணும், நிறுத்திட்டு கீழ அமுக்கினா முள்ளு கரெக்டா 12-ல வந்து நிக்கணும், ஒரு கோடு தள்ளி நின்னாலும் சர்வீஸ் செலவு காத்திருக்கு.

பாலிஷ் பண்ணி மின்னுற கேஸை (வாட்ச்சோட உலோக உடம்பை) பாத்து மயங்காதீங்க. பழைய விக்கிரகத்தை அரம் வச்சு தேய்ச்ச மாதிரிதான் அது, ஸ்ட்ராப் மாட்டுற காதோட விளிம்பு மழுங்கிட்டா விலையும் மழுங்கிடும்.

நம்ம பட்ஜெட்டுக்கு என் சாய்ஸ் சீக்கோ 6139. முதல் ஆட்டோமேட்டிக் (சாவி கொடுக்காமலே ஓடுற) க்ரோனோகிராஃப் யாரோடதுன்னு ஜெனித், ஹோயர்-பிரைட்லிங் கூட்டணி, சீக்கோ மூணு தரப்புக்கும் 1969லேர்ந்து பஞ்சாயத்து ஓடுது, அந்த மூணுல அடிமாட்டு விலைக்கு கிடைக்குறது இது மட்டும்தான். வில்லியம் போக்னு விண்வெளி வீரர் 1973-ல ஸ்கைலாப்ங்கிற அமெரிக்க விண்வெளி நிலையத்துக்கு மஞ்சள் டயல் 6139 ஒண்ணை சத்தமில்லாம எடுத்துட்டு போனாரு, அதனால அந்த மஞ்சளுக்கு மட்டும் விலை எகிறிடுச்சு, மத்த கலர் பரவால்ல. ஆனா நம்ம நாட்டுலேர்ந்து ஆன்லைன்ல விக்கிற பழைய சீக்கோவுல டயல் பெயின்ட் அடிச்சது எக்கச்சக்கம், வெளிநாட்டுக்காரங்க இதுக்கு "பம்பாய் ஸ்பெஷல்"னே பேரு வச்சிருக்காங்க. ஊதா, கிளிப்பச்சைன்னு சீக்கோ போடாத கலர்ல புத்தம்புதுசா ஜொலிச்சா தொடாதீங்க.

பின்மூடியை திறந்து மெஷின் போட்டோ கேளுங்க. "டூல் இல்ல சார், சீல் போயிடும்"னு இழுத்தா விட்டுடுங்க, அடுத்த வாரமே வேற ஒண்ணு விலைக்கு வரும்.