மலைப்பகுதிப் பள்ளிக்கு நிதி திரட்டும்போது எது கைகொடுக்கும்?

நிதி திரட்டல் என்றால், பள்ளியின் ஒரு தேவைக்காகப் பலரிடம் சிறுகச் சிறுகப் பணம் சேர்ப்பது. ‘பள்ளி வளர்ச்சிக்கு’ என்று பொதுவாகக் கேட்டால் மக்கள் தயங்குவார்கள். ‘மூன்றாம் வகுப்பில் கூரை ஒழுகுகிறது, சரிசெய்ய இவ்வளவு ஆகும், இதுவரை சேர்ந்தது இவ்வளவு’ என்று சொல்லிப் பாருங்கள், கொடுப்பார்கள். தன் பணம் எங்கே போகிறது என்று தெரிவதுதான் காரணம். கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரி, பெயரும் தொகையும் எழுத்தில் இருந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. செலவுக் கணக்கைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வாசியுங்கள், வாசலிலும் ஒட்டுங்கள். என்னைக் கேட்டால், விழாவைவிட இதுதான் முக்கியம்.

அப்புறம், நேரம். கோத்தகிரி, குன்னூர் பக்கம் பல வீடுகளுக்குத் தேயிலைதான் வருமானம். பச்சைத் தேயிலைப் பணம் கைக்கு வந்தபின் கேளுங்கள். அக்டோபர், நவம்பர் மழையில் திறந்தவெளி விழா வேண்டாம். உணவுக் கடை போட்டால் பிளாஸ்டிக் கப், தட்டு கூடாது. நீலகிரியில் தடை உண்டு.

அரசுப் பள்ளி வெளியாரிடம் உதவி வாங்கக் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள்; வாங்கலாம், அதற்காகவே தமிழக அரசு 2022 டிசம்பரில் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ திட்டத்தைத் தொடங்கியது, கோவையிலோ திருப்பூரிலோ வேலை பார்க்கும் முன்னாள் மாணவர்கள் அதன் வழியே ஆன்லைனில் கொடுக்கலாம்.