இணையக் கடைக்கான கொட்டேஷனில் வரும் சொற்களுக்குப் பொருள் என்ன? எதை யார் பெயரில் வாங்க வேண்டும்?

குடியாத்தத்தில் கைலி நெய்யும் குடும்பத்திலிருந்து நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அப்பாவின் கைலிகளை இணையத்தில் விற்பதற்காக ஒருவரிடம் வலைத்தளம் செய்யச் சொன்னதில், அவர் டொமைன், ஹோஸ்டிங், எஸ்எஸ்எல், பிசினஸ் மெயில், பேமென்ட் கேட்வே, ஷிப்பிங் என்று ஒரு பக்கக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். இந்தச் சொற்களுக்குப் பொருள் என்ன, எதற்குப் பணம் கொடுப்பது நியாயம் என்பது உங்கள் கேள்வி.

வேலூரில் என் அண்ணன் நடத்தும் தோல் பெல்ட், பர்ஸ் கடையின் இணைய விற்பனையை நான் ஒன்பது ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் கேட்ட சொற்கள் ஒவ்வொன்றையும் ஒரு செலவோ ஓர் இழப்போ வந்த பிறகுதான் நான் கற்றேன் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன். கொட்டேஷனின் ஒவ்வொரு வரியிலும் பொருளைக் கேட்டுக்கொண்ட பிறகு, 'இது யார் பெயரில் இருக்கும்?' என்ற இன்னொரு கேள்வியையும் தவறாமல் கேளுங்கள். பொருள் தெரியாமல் போனால் சில நூறு ரூபாய் கூடுதலாகப் போகும்; பெயர் உங்களுடையதாக இல்லாமல் போனால் கடையே கைமாறிவிடக்கூடும்.

முதலில் டொமைன். மக்கள் உலாவியில் தட்டச்சு செய்யும் உங்கள் கடையின் பெயர் அது; .காம் என்றோ .இன் என்றோ முடியும். .இன் பெயர்களின் பதிவேட்டை நிக்ஸி என்ற இந்திய அமைப்பு பராமரிக்கிறது. 2005ஆம் ஆண்டிலிருந்து யார் வேண்டுமானாலும் அதில் பெயர் வாங்கலாம். தமிழ் எழுத்திலேயே .இந்தியா என்று முடியும் பெயர்களும் உண்டு. இந்தப் பெயரை யாரும் ஒரேயடியாக விலைக்கு வாங்க முடியாது. ஓர் ஆண்டு முதல் பத்து ஆண்டுகள் வரை பதிவு செய்து, காலம் முடியும்போது மீண்டும் பணம் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஹோஸ்டிங் என்பது வேறு. உங்கள் கைலிப் படங்கள், விலைப்பட்டியல், பக்கங்கள் எல்லாம் எங்கோ ஒரு கணினியில், அதாவது சர்வரில், இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும். அந்த இடத்துக்குக் கொடுக்கும் வாடகைதான் ஹோஸ்டிங். டொமைனையும் ஹோஸ்டிங்கையும் ஒன்றென்று நினைப்பதுதான் புதியவர்களுக்கு வரும் முதல் குழப்பம். ஆம்பூரை எண்ணிப் பாருங்கள். அது வடாற்காடு மாவட்டத்தில் இருந்தது, பிறகு வேலூர் மாவட்டத்தில் இருந்தது, 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது திருப்பத்தூருக்குப் போனது. கோப்புகள் வைத்திருக்கும் அலுவலகம் மாறியதே தவிர, ஆம்பூர் என்று கேட்டு வருபவர் ஆம்பூருக்குத்தான் வந்து சேருகிறார். அதுபோல, ஹோஸ்டிங் நிறுவனம் பிடிக்கவில்லையென்றால் கோப்புகளை வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். டொமைன் பெயர் அப்படியே இருக்கும். இந்தப் பெயருக்குரிய கோப்புகள் இப்போது எந்தச் சர்வரில் இருக்கின்றன என்று வழி சொல்லும் ஏற்பாட்டுக்கு டிஎன்எஸ் என்று பெயர். அதை 1983இல் பால் மாக்கபெட்ரிஸ் என்ற அமெரிக்கர் வடிவமைத்தார். டிஎன்எஸ்ஸில் மாற்றம் செய்தால் எல்லா இடத்துக்கும் அது போய்ச் சேரச் சில மணி நேரம், சில சமயம் ஒன்றிரண்டு நாள் ஆகும் என்பதால், தீபாவளி விற்பனை நடக்கும் வாரத்தில் அதில் கை வைக்காதீர்கள்.

இனி எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் முதல் வலைத்தளத்தைச் செய்து கொடுத்தவர், டொமைனைத் தம்முடைய கணக்கிலேயே, தம்முடைய மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிவு செய்திருந்தார். ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இருந்ததாக நான் இன்றும் நினைக்கவில்லை. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று செய்திருப்பார். இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் ஊரை விட்டுப் போனார், தொலைபேசி எண்ணும் மாறியது. பெயரைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் எல்லாம் அவருடைய அஞ்சல் பெட்டிக்குப் போயின. .காம் போன்ற பெயர்கள் காலாவதியாகி நீக்கப்பட்ட பிறகும், உரிமையாளர் அதிகப் பணம் கட்டி மீட்டுக்கொள்ள 30 நாள் அவகாசம் உண்டு. நாங்கள் விவரம் தெரிந்துகொள்வதற்குள் அந்த நாட்களும் கடந்து, பெயரை வேறொருவர் வாங்கிவிட்டார். பெட்டிகளிலும் பில் புத்தகத்திலும் பெயர்ப் பலகையிலும் அச்சடித்திருந்த பெயர் அது. அதோடு எங்கள் மின்னஞ்சலும் அதே டொமைனில் இருந்ததால், பெங்களூரு மொத்த வியாபாரிகள் அனுப்பிய ஆர்டர்கள் திரும்பிப் போயின; பேமென்ட் கேட்வே கணக்கைத் திறக்கக் கடவுச்சொல்லை மாற்றலாம் என்றால், அதற்கான அஞ்சலும் செத்துப்போன அந்த முகவரிக்கே போனது. அண்ணன் அந்த மாதம் முழுவதும் கடையில் பேசவே இல்லை.

ஆகவே டொமைனை நீங்களே வாங்குங்கள். பதிவு நிறுவனத்தில் அப்பாவின் பெயரிலோ உங்கள் பெயரிலோ கணக்குத் தொடங்கி, உங்கள் கைப்பேசி எண்ணையும், அந்த டொமைனைச் சாராத ஒரு ஜிமெயில் முகவரியையும் கொடுத்து, தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியை இயக்கி வையுங்கள். வலைத்தளம் செய்பவருக்கு டிஎன்எஸ் விவரங்களை மாற்றத் தேவையான அனுமதியை மட்டும் கொடுத்தால் அவருடைய வேலைக்கு அது போதும்.

எஸ்எஸ்எல் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. வாடிக்கையாளரின் உலாவிக்கும் உங்கள் தளத்துக்கும் நடுவில் போகும் தகவலை இடையில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டும் சான்றிதழ் அது. முகவரி எச்டிடிபிஎஸ் என்று தொடங்குவது அதனால்தான். 1999லேயே டிஎல்எஸ் என்ற புதிய முறை வந்துவிட்டாலும் பழைய பெயர்தான் வழக்கில் நிலைத்துவிட்டது. 2015 இறுதியிலிருந்து லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இதை இலவசமாகத் தருகிறது, பெரும்பாலான ஹோஸ்டிங் நிறுவனங்களும் வாடகையோடு சேர்த்தே தருகின்றன. உங்கள் கொட்டேஷனில் இதற்குத் தனித்தொகை இருந்தால் காரணம் கேளுங்கள். பூட்டுக் குறி இருப்பதாலேயே ஒரு தளம் நேர்மையானது என்றும் எண்ணிவிடக் கூடாது. வழியில் திருட்டில்லை என்பதற்கு மட்டுமே அது சான்று, கடைக்காரரின் குணத்துக்குச் சான்று ஆகாது.

பிசினஸ் மெயில் என்பது உங்கள் டொமைன் பெயரில் முடியும் அஞ்சல் முகவரி. முகவரியின் நடுவில் வரும் அந்தச் சுழிக்குறியை 1971இல் ரே டாம்லின்சன் தேர்ந்தெடுத்தார். குறிக்கு முன்னால் ஆள், பின்னால் அவர் இருக்கும் இடம். ஐமேப், பாப் என்று இரண்டு முறைகள் இருக்கின்றன. ஐமேப் முறையில் அஞ்சல்கள் சர்வரிலேயே இருக்கும், கடைக் கணினியிலும் கைப்பேசியிலும் ஒரே பெட்டியைப் பார்க்கலாம். பாப் முறையில் அஞ்சல்கள் ஒரு கணினிக்கு இறங்கிவிடும். சர்வரில் நகல் வைக்கச் சொல்லாவிட்டால், அந்தக் கணினி கெட்டால் அஞ்சலும் போகும். ஐமேப்பையே கேளுங்கள். சிசி, பிசிசி என்பவை தட்டச்சுப் பயிலகத்தில் கார்பன் தாள் வைத்து நகல் எடுத்த காலத்துப் பெயர்கள். சிசியில் போடும் முகவரியை எல்லோரும் பார்ப்பார்கள், பிசிசியில் போட்டால் ஒருவருடையது மற்றவருக்குத் தெரியாது. பொங்கல் தள்ளுபடி அறிவிப்பை வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும்போது பிசிசியைத்தான் பயன்படுத்த வேண்டும்.

உங்கள் அஞ்சல் ஸ்பேம் பெட்டிக்குள் போய் விழுகிறது என்ற புகார் ஒருநாள் கட்டாயம் வரும். அஞ்சல் அனுப்பும் அடிப்படை முறையான எஸ்எம்டிபி 1982இல் எழுதப்பட்டபோது, அனுப்புநர் என்று எழுதியிருப்பவர்தான் உண்மையில் அனுப்பினாரா என்று சோதிக்கும் ஏற்பாடு அதில் இல்லை. அந்தக் குறையை நிரப்பப் பின்னால் வந்தவைதான் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்றும். எங்கள் பெயரில் அஞ்சல் அனுப்ப இந்தச் சர்வர்களுக்கு மட்டுமே அனுமதி என்று டிஎன்எஸ்ஸில் எழுதி வைக்கும் பட்டியல் எஸ்பிஎஃப். காப்பீட்டு அஞ்சலில் வைக்கும் அரக்கு முத்திரையைப் போல ஒவ்வோர் அஞ்சலிலும் இடும் கையொப்பம் டிகேஐஎம். இரண்டும் பொருந்தாத அஞ்சலை என்ன செய்ய வேண்டும் என்று பெறுபவரின் சர்வருக்குச் சொல்லும் உத்தரவு டிமார்க். 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000க்கு மேல் அஞ்சல் அனுப்புபவர்களுக்கு இம்மூன்றையும் கூகுள் கட்டாயமாக்கியிருக்கிறது. சிறு கடைக்கு அந்த எண்ணிக்கை வராவிட்டாலும், மூன்றையும் அமைத்துக்கொடுப்பது வேலையில் சேர்ந்ததா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மணி நேர வேலைதான், ஆனால் கேட்காவிட்டால் பலர் செய்வதில்லை.

இனி கடைப் பகுதி. கார்ட் என்பது வாடிக்கையாளர் எடுத்து வைக்கும் கூடை. செக்அவுட் என்பது முகவரி கொடுத்துப் பணம் கட்டும் இடம். எஸ்கேயூ என்பது நீங்கள் தனித்தனியாக எண்ணி வைக்க வேண்டிய ஒவ்வொரு சரக்குக்கும் உரிய குறியெண். எங்களுக்கு ஒரே பெல்ட் என்றாலும் இரண்டு நிறம், ஐந்து அளவு என்றால் பத்து எஸ்கேயூ. உங்களுக்குக் கட்டம், நிறம், நீளம் என்று பெருகும். தொடக்கத்திலேயே இதை ஒழுங்காக எழுதாவிட்டால், இல்லாத நிறத்துக்குப் பணம் வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுக்க நேரிடும்.

பேமென்ட் கேட்வே, வாடிக்கையாளர் கட்டும் பணத்தை வாங்கி உங்கள் வங்கிக் கணக்கில் சேர்க்கும் இடைநிலைச் சேவை. பணம் உடனே வராது; வழக்கமாக ஒன்றிரண்டு வேலை நாட்கள் கழித்து வரும், அதற்கு செட்டில்மென்ட் என்று பெயர். கட்டணம் 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 5,000 ரூபாய் விற்பனையில் 100 ரூபாய் கட்டணமும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 18 ரூபாயும் போக, 4,882 ரூபாய் உங்களுக்கு வரும். விலை வைக்கும்போதே இதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். யுபிஐக்கு 2020 ஜனவரியிலிருந்து எம்டிஆர், அதாவது வங்கிகள் கடைக்காரரிடம் வாங்கும் கட்டணம், கிடையாது என்றாலும், கேட்வே நிறுவனம் தன் சேவைக்கென்று தனியே வாங்குகிறதா என்று விசாரியுங்கள். வாடிக்கையாளரின் அட்டை எண்ணை நீங்கள் எங்கும் சேமித்து வைக்கக் கூடாது. 2022 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி அதற்கு அனுமதிப்பதில்லை. இந்தக் கணக்கும் கடையின் வங்கிக் கணக்கோடு, கடைக்காரர் பெயரில் மட்டுமே இருக்க வேண்டும். 'என் கணக்கில் வாங்கி மாதக் கடைசியில் அனுப்பிவிடுகிறேன்' என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஷிப்பிங் பகுதியில் இரண்டு சொற்கள் பணத்தை விழுங்கும். ஒன்று வால்யூமெட்ரிக் எடை. கூரியர்காரர்கள் பெட்டியின் நீள, அகல, உயரங்களை சென்டிமீட்டரில் பெருக்கிப் பெரும்பாலும் 5,000ஆல் வகுக்கிறார்கள். அந்த எண் உண்மை எடையைவிட அதிகமாக இருந்தால் அதற்குத்தான் கட்டணம். 30, 25, 10 அளவுள்ள அட்டைப் பெட்டியில் ஒரே ஒரு கைலியை வைத்தாலும் அது ஒன்றரைக் கிலோவாகக் கணக்காகும். கைலி கசங்கினாலும் கெடாத பொருள் என்பதால் மடித்துக் கூரியர் உறையில் அனுப்புங்கள். எங்கள் பெல்ட்டுக்கு அந்த வசதி இல்லை. மற்றொன்று ஆர்டிஓ. வேலூரில் இந்தச் சொல்லைக் கேட்டால் வாகனப் பதிவு அலுவலகம்தான் நினைவுக்கு வரும். இங்கே அது, வாங்குபவர் ஏற்காமல் அனுப்பியவரிடமே திரும்பி வரும் பார்சல். சிஓடி, அதாவது பொருள் கையில் கிடைத்ததும் பணம் தரும் முறையில் இது மிகுதி. போகும் கூலியை நீங்கள் இழப்பதோடு, பல கூரியர்களில் திரும்பி வரும் கூலியும் உங்கள் தலையில்தான். புதிய கடையை நம்பிப் பலர் முன்பணம் தரமாட்டார்கள் என்பதால் சிஓடியை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் பார்சலைக் கட்டுவதற்கு முன் வாங்குபவரைத் தொலைபேசியில் அழைத்து உறுதிசெய்துகொள்ளுங்கள். எங்களுக்கு அதன் பிறகே திரும்பி வரும் பெட்டிகள் குறைந்தன.

உங்கள் கொட்டேஷனில் இல்லாத ஒன்றையும் சேர்க்கச் சொல்லுங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, கடையின் சட்டப்படியான பெயர், முகவரி, குறைதீர் அலுவலரின் பெயர், தொடர்பு விவரம் ஆகியவை தளத்தில் இருக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று தெரிவித்து ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சிறு கடையில் அந்த அலுவலர் நீங்களாகவே இருக்கலாம்.

கடை திறந்த முதல் மாதத்திலேயே, நூறு கைலி மொத்தமாக வேண்டும் என்று பேசி, முன்பணம் அனுப்புவதாகச் சொல்லி ஒரு க்யூஆர் படத்தை அனுப்பி, அதை ஸ்கேன் செய்து ரகசியப் பின் எண்ணைத் தட்டச் சொல்லும் ஆள் ஒருவர் வரக்கூடும். யுபிஐயில் பணம் பெற அந்த ரகசிய எண் தேவையே இல்லை. பின் எண்ணைத் தட்டினால் உங்கள் கணக்கிலிருந்து பணம் வெளியே போகிறது என்று பொருள். கடையில் உட்காரும் ஒவ்வொருவருக்கும், குறிப்பாக அப்பாவுக்கு, இதைச் சொல்லி வையுங்கள். தவறிப்போய்ப் பணம் போய்விட்டால், தயங்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியில் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு இருக்கிறது.

கொட்டேஷன் கொடுத்தவரிடம் ஒவ்வொரு வரிக்கும் எதிரே, யார் பெயரில் பதிவாகும், ஆண்டுதோறும் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற இரண்டையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அவர் எழுதிக் கொடுத்ததை, தொகைகளோடு இங்கே சேர்த்தீர்களானால், எந்த வரியைக் குறைக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.