மொஹிட்டோ கசப்பது புதினாவால்தான்

புதினாவை உரலில் இடித்துப் போட்டும் மொஹிட்டோ (ரம், புதினா, எலுமிச்சை, சோடா சேர்ந்த காக்டெய்ல்) கசக்கிறது, கூடவே தண்ணியாகிவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். இடிப்பதுதான் வினை. சட்னிக்குப் போல இலை நைந்தால் பச்சை வாடையும் கசப்பும் இறங்கிவிடும். பத்துப் பன்னிரண்டு இலையை உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டு தட்டுங்கள், மணம் வந்துவிடும். கிளாஸில் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை, 20 மி.லி. எலுமிச்சைச் சாறு விட்டுக் கலக்கி, இலையைக் கரண்டிக் காம்பால் லேசாக அழுத்தினால் போதும். பழத்தைத் தோலோடு நசுக்காதீர்கள், அதுவும் கசக்கும். அப்புறம் 45 மி.லி. வெள்ளை ரம்.

ஐஸ் தூளாக வேண்டாம். பெரிய கட்டிகளைக் கிளாஸ் நிறையப் போடுங்கள், மெதுவாகக் கரையும். கடைசியில் ஊற்றும் சோடாவை ஃபிரிட்ஜில் வைத்தீர்களா? நான் முதல் தடவை அலமாரியில் இருந்ததை அப்படியே ஊற்றினேன். ஐஸ் பாதி உடனே காணாமல் போய்விட்டது.