பழைய இரட்டைக்குழலும் மென்மையான தோட்டாவும்
வாசகர் கேள்விகளுக்குப் பட்டறைக்காரர் பதில்கள்

கேள்வி: தாத்தா வைத்திருந்த இங்கிலீஷ் 12 போர் (குழல் விட்டத்தின் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி என் கைக்கு வந்திருக்கிறது. தோட்டா அறை 2½ அங்குலம்தான் என்கிறார்கள். ஆனால் 2¾ அங்குலத் தோட்டா தாராளமாக உள்ளே போகிறது, துப்பாக்கியும் மூடுகிறது. தோட்டாவைப் பிரித்து, மருந்தை மட்டும் கொஞ்சம் குறைத்துவிட்டால் போதும்தானே?

பதில்: போதாது. உள்ளே போகிறது என்பதை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள். பெட்டியில் போட்டிருக்கும் 2¾ அங்குலம் என்பது சுட்டு, வாய் விரிந்தபின் உள்ள நீளம். மடித்து மூடிய தோட்டா அதைவிடக் குட்டை. அதனால்தான் குட்டை அறையிலும் சமர்த்தாகப் போய் உட்காருகிறது.

சுடும்போது அந்த மடிப்பு பிரிந்து முன்னால் நீளும். அறை முடிகிற இடத்தில் குழல் கூம்பிக் குறுகுகிறது. விரிந்த வாய் அந்தக் கூம்புக்குள் போய் நின்றால், மருந்துக்கு மேல் வைக்கும் தக்கையும் அதற்கு மேலுள்ள ஈய ரவையும் ஏற்கெனவே குறுகிய வழியில் இன்னும் நெருக்கியடித்துப் போக வேண்டும், அழுத்தம் ஏறும். சுட்ட கூடு ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வாயின் ஓரம் நார் நாராகப் பிய்ந்து, மெலிந்து இழுபட்டிருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். அளவுகோலை அறைக்குள் விடாமல் அடுத்த தோட்டாவைத் தொட மாட்டேன்.

அடுத்து மருந்து. குறைத்தால் அழுத்தம் குறையும் என்பது பாதி உண்மைதான். புகையில்லா மருந்து ஓரளவு அழுத்தம் இருந்தால்தான் ஒழுங்காக எரியும். அளவுக்கு மீறிக் குறைத்தால் பாதி எரிந்தும் எரியாமலும் தக்கை குழலுக்குள்ளேயே தங்கிவிடலாம். குளிரில் இன்னும் மோசம். பழந்துப்பாக்கிக்காரர்கள் செய்வது வேறு. மெதுவாக எரிகிற மருந்தை எடுத்துக்கொள்கிறார்கள், ஈயத்தின் எடையைக் குறைக்கிறார்கள். ஈயம் அதே வேகத்தில்தான் போகும்; ஆனால் உச்ச அழுத்தம் தணியும். கதவை ஓங்கி அறைவதற்கும் தோள் கொடுத்துத் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம் அது. 2¾ அங்குல 12 போர் தோட்டாவுக்கு அமெரிக்காவில் வைத்திருக்கும் உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு. பழைய துப்பாக்கி வைத்திருப்பவர்களில் பலர் 7,000 பக்கமே நிற்கப் பார்க்கிறார்கள்.

அந்த எண்ணிக்கையைக் கண்ணால் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. மருந்து தயாரிப்பவர்கள் கருவி வைத்து அளந்து வெளியிடும் அட்டவணை இருக்கிறது. கூடு, பிரைமர் (அடிபட்டதும் மருந்தைப் பற்றவைப்பது), மருந்து, தக்கை, ஈயம் எல்லாம் அதில் சொன்னபடியே இருக்க வேண்டும். பிரைமரை மட்டும் மாற்றினாலும் அழுத்தம் ஆயிரக்கணக்கில் ஏறலாம். "அந்தத் தக்கை கிடைக்கவில்லை, இதுவும் அதே மாதிரிதான்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களை நான் வாசலிலேயே நிறுத்திவிடுவேன்.

வீட்டில் தோட்டா நிரப்ப அனுமதி உண்டா என்பதை உரிமம் கொடுத்தவர்களிடம் முதலில் கேளுங்கள். இல்லையென்றால் 65 மில்லிமீட்டர், அதாவது 2½ அங்குல அறைக்கென்றே செய்த தோட்டாவை வாங்கிக்கொள்ளுங்கள், வேலை மிச்சம்.

கேள்வி: பெட்டியில் '3 டிராம்' என்று இருக்கிறது. அவ்வளவு மருந்து அளந்து போடலாமா?

பதில்: ஐயா, தயவுசெய்து வேண்டாம். அது புகை கக்கும் பழைய வெடிமருந்தான கருமருந்துக் காலத்துக் கணக்கு. 3 டிராம் கருமருந்து கொடுக்கும் வேகத்தை இந்தத் தோட்டாவும் கொடுக்கும் என்று மட்டுமே அதற்குப் பொருள். 3 டிராம் என்பது சுமார் 82 கிரெய்ன். புகையில்லா மருந்தில் அந்த எடையைப் போட்டால் துப்பாக்கி மிஞ்சாது, கையும் மிஞ்சாது.

கேள்வி: அழுத்தம் குறைந்த தோட்டா என்றால் உதையும் குறையுமா? எனக்குத் தோள்வலி.

பதில்: இரண்டும் ஒன்றல்ல. உதை என்பது வெளியே போகும் ஈயம், தக்கை, மருந்தின் எடையையும் அவற்றின் வேகத்தையும், துப்பாக்கியின் எடையையும் பொறுத்தது. அழுத்தம் குறைவான தோட்டாவும் 1¼ அவுன்ஸ் ஈயத்தோடு வந்தால் நன்றாகவே உதைக்கும். துப்பாக்கியின் எடை ஈயத்தின் எடையைப்போல 96 மடங்கு இருக்க வேண்டும் என்று பழைய கணக்கு ஒன்று உண்டு. 6 பவுண்டு துப்பாக்கிக்கு 1 அவுன்ஸ். தோளுக்காக மட்டுமில்லை அம்மா, கட்டைக்காகவும்தான். நூறு வருஷத்து வால்நட் கட்டை, எண்ணெய் ஊறி மெத்தென்று ஆனது, இரும்போடு சேரும் இடத்தில்தான் முதலில் விரியும்.

கேள்வி: குழலின் அடியில் 13/1 என்று பொறித்திருக்கிறது. அப்படியானால் இது 13 போர் துப்பாக்கியா? பக்கத்தில் சாய்சதுரத்துக்குள் 12 என்றும் இருக்கிறது.

பதில்: நல்ல கண் உங்களுக்கு. சாய்சதுரத்துக்குள் இருப்பது தோட்டா அறையின் அளவு. ஆகவே 12 போர் தோட்டாதான். 13/1 என்பது, துப்பாக்கியைச் சோதித்துத் தேறினால் முத்திரை குத்தும் சோதனைச்சாலையில் அளந்த குழலின் உள்விட்டம், .719 அங்குலம். 12 போரின் சரியான விட்டம் .729. இப்போது அறையிலிருந்து 9 அங்குலம் தள்ளி அளக்கச் சொல்லுங்கள். .729-ஐ எட்டியிருந்தால் யாரோ துருக்குழிகளைத் தேய்த்து எடுத்திருக்கிறார்கள், பழைய முத்திரை இனிச் செல்லாது. பிரிட்டனில் 1868-ஆம் வருஷச் சட்டப்படி அப்படிப்பட்ட துப்பாக்கியை விற்பதே குற்றம். உள்விட்டத்தோடு சுவரின் கனத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். வெளியே பளபளவென்று இருக்கும் குழல்தான் பல சமயம் நடுவில் மெலிந்திருக்கும்.

கேள்வி: டமாஸ்கஸ் குழல் என்றாலே சுவரில்தான் மாட்ட வேண்டும் என்கிறார்களே?

பதில்: இரும்பும் எஃகும் முறுக்கி, உலையில் பற்றவைத்துச் செய்த குழல் என்பதற்காக மட்டும் ஒதுக்க வேண்டியதில்லை. பர்மிங்காம் சோதனைச்சாலையில் புகையில்லா மருந்துச் சோதனையிலேயே தேறிய டமாஸ்கஸ் குழல்கள் உண்டு. எது ஆபத்து என்றால், உள்ளே துருக்குழி, மெலிந்த சுவர், எப்போது எவன் தேய்த்தான் என்று தெரியாத வரலாறு. எஃகுக் குழலுக்கும் இதையேதான் சொல்வேன். எஃகு ரவை மட்டும் இரண்டிலுமே வேண்டாம்.

கேள்வி: நேற்று ஒரு தோட்டா 'புஸ்' என்று மட்டும் சத்தம் போட்டது. அடுத்ததைச் சுட்டேன், ஒன்றும் ஆகவில்லை.

பதில்: தப்பித்தீர்கள். இனி அப்படிச் சத்தம் கேட்டால், வாயை ஆபத்தில்லாத பக்கம் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பொறுங்கள். பிறகு துப்பாக்கியை மடித்து, இரண்டு தோட்டாக்களையும் எடுத்துவிட்டு, பின்பக்கமிருந்து குழலுக்குள் பாருங்கள். மறுமுனையில் வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தக்கை உள்ளே நிற்கிறது; கம்பு விட்டுத் தள்ளிவிட்டுத்தான் அடுத்த தோட்டா. அந்தப் பெட்டியில் மிச்சமிருப்பதையும் சுடாதீர்கள்.