மருந்துக்குச் சாகாத கொசு: கேள்விகளும் பதில்களும்

கேள்வி (பல்லடம், விசைத்தறி உரிமையாளர்): முன்பு ஒரு கொசுவத்தி கொளுத்தினால் தறிக்கொட்டகையில் கொசு நிற்காது. இப்போது மூன்று கொளுத்தியும் கடிக்கிறது. கொசு மருந்துக்குப் பழகிவிட்டதா, ஐயா?

பதில்: பழகவில்லை. எந்தத் தனிக் கொசுவும் தன் வாழ்நாளில் மருந்தைத் தாங்கக் கற்றுக்கொள்வதில்லை. ஆயிரக்கணக்கான கொசுக்களில் ஒன்றிரண்டு பிறவியிலேயே சற்று மாறுபட்டிருக்கும். மருந்து மற்றவற்றைக் கொன்றுவிட, எஞ்சிய அவையே முட்டையிடுகின்றன. சில வாரங்களுக்கு ஒரு தலைமுறை என்று பெருகும் உயிரினத்தில், ஒரே மருந்தைத் தொடர்ந்து அடித்தால், அந்த ஒன்றிரண்டின் வாரிசுகளே ஊரெங்கும் நிறைந்துவிடுகின்றன.

அந்த மாறுபாடு முக்கியமாக இரு வகைப்படும். கொசுவத்தியிலும் திரவ மருந்திலும் உள்ள பைரித்ராய்டு வகை மருந்துகள், கொசுவின் நரம்பில் சோடியம் அயனி நுழையும் வாயிலை மூடவிடாமல் பிடித்துக்கொள்வதால் அது துடித்து விழுகிறது. மரபணு மாற்றத்தால் அந்த வாயிலின் அமைப்பு சிறிது மாறிவிட்டால் மருந்து அங்கே ஒட்டாது. டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லியும் இதே இடத்தைத்தான் தாக்குகிறது. நம் நாட்டில் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிய 1953 முதல் வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. அடித்து வந்தோம், அதைத் தாங்கும் நரம்பு பெற்ற கொசுக்களுக்குப் பின்னால் வந்த பைரித்ராய்டும் பெரிய தடையாக இருக்கவில்லை. இரண்டாவது வகையில், மருந்து நரம்பை எட்டுமுன்பே கொசுவின் உடலிலுள்ள நொதிகள் அதைச் சிதைத்துவிடுகின்றன. ஆகவே வத்தியின் எண்ணிக்கையைக் கூட்டுவதால் தறி ஓட்டுபவரின் நுரையீரலுக்குத்தான் கேடு. சன்னலுக்கு வலை அடியுங்கள்.

கேள்வி (காங்கேயம், விவசாயி): பருத்திக்கு நாங்கள் தெளிக்கும் மருந்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. வயல் மருந்துகளும் கொசு மருந்துகளும் பெரும்பாலும் ஒரே குடும்பங்களைச் சேர்ந்தவை. தெளித்த மருந்து வழிந்து வாய்க்காலிலும் குட்டையிலும் சேரும்போது, அங்கே வளரும் மலேரியாக் கொசுவின் புழுக்கள் அதைச் சந்திக்கின்றன. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டைச் சுற்றியே வளர்வதால், அதன் எதிர்ப்புத்திறனுக்கு வயலைவிட வீட்டு மருந்தும் புகையுமே பெரிய காரணம்.

கேள்வி (சூலூர், இல்லத்தரசி): கொசுவுக்குப் புகை அடிக்கும் வண்டி வந்தால் கதவைச் சாத்திவிடுகிறோம். சரிதானா?

பதில்: கதவைச் சாத்தினால், கட்டிலுக்கு அடியிலும் தொங்கும் துணிகளுக்குப் பின்னாலும் இருக்கும் ஏடிஸ் கொசுவுக்கு மருந்து எட்டாது, அல்லது அரைகுறையாக எட்டும். உணவையும் குடிநீரையும் மூடி, குழந்தைகளை அப்பால் அழைத்துச் சென்று, கதவைத் திறந்து வைப்பதே முறை. ஆனால் புகை பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும், அம்மா; தொட்டியிலுள்ள புழுவை அது தொடாது.

கேள்வி (ஈரோடு, கல்லூரி மாணவர்): எதிர்ப்புத்திறனை எப்படி உறுதிசெய்கிறார்கள்?

பதில்: உலகச் சுகாதார நிறுவனத்தின் முறைப்படி, குறித்த அளவு மருந்து ஏற்றிய தாள் உள்ள குழாயில் கொசுக்களை 60 நிமிடம் விட்டு, 24 மணி நேரம் கழித்து இறந்தவற்றை எண்ணுவார்கள். 98 விழுக்காடும் அதற்கு மேலும் இறந்தால் மருந்து வேலை செய்கிறது. 90-க்குக் கீழே போனால் எதிர்ப்பு உறுதி. இடைப்பட்டால் மீண்டும் ஆராய வேண்டும்.

கேள்வி (அவிநாசி): பத்து நாளுக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வருகிறது. டிரம்மில் பிடித்து வைக்காமல் எப்படி வாழ்வது? கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்றினால் போதாதா?

பதில்: பிடித்து வைப்பதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் முட்டை புழுவாகிக் கொசுவாகப் பறக்க நம் வெயிலில் ஏழெட்டு நாள் போதும் என்பதால், பத்து நாள் இடைவெளி ஏடிஸுக்கு வாய்ப்பாகிவிடுகிறது. அபேட் எனும் டெமிபாஸுக்கும் எதிர்ப்புத்திறன் பல நாடுகளில் உருவாகியிருக்கிறது. நாற்றம் பிடிக்காமல், ஊற்றிய மறுநிமிடமே தண்ணீரைக் கீழே கொட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். எந்த மருந்துக்கும் கட்டுப்படாத கொசுவும் தேய்ப்புக்குக் கட்டுப்படும். ஏடிஸ் தன் முட்டைகளை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டுகிறது; தண்ணீரே இல்லாமல் அவை மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, அடுத்த முறை நிரப்பியதும் பொரிக்கும். எனவே தண்ணீர் வரும் நாளுக்கு முன் டிரம்மைக் காலிசெய்து, உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்து, கழுவிய நீரை வெயில் படும் மண்ணில் ஊற்றுங்கள். நிரப்பியபின் வாயை வேட்டித் துணியால் இறுகக் கட்டுங்கள். மாட்டுத் தாழியையும் வாரம் ஒருமுறை இப்படியே தேய்க்க வேண்டும். காலிசெய்ய முடியாத சிமெண்ட் தொட்டியில் கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் விடலாம்.