அம்மாவின் அவசரப் பட்டனும் புதிய டிஜிற்றல் தொலைபேசியும்

கேள்வி: லண்டன் ஹரோவில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு 83 வயது. கைத்தொலைபேசி பாவிக்க மாட்டார். விழுந்தால் அழுத்துவதற்குக் கழுத்தில் பட்டன் போட்டிருக்கிறார். வீட்டுத் தொலைபேசியை டிஜிற்றலுக்கு மாற்றுவதாகக் கடிதம் வந்திருக்கிறது. சம்மதிக்கலாமா?

பதில்: இந்த மாற்றத்தைத் தவிர்க்க முடியாது. பிரிட்டனின் பழைய தொலைபேசி வலையமைப்பை 2027 ஜனவரி 31க்குள் மூடுகிறார்கள். ஆனால் அம்மாவின் பட்டன் புதிய லைனில் வேலை செய்யும் என்று உறுதியாகும்வரை திகதிக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பழைய தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம், ஏறக்குறைய 50 வோல்ட், எக்ஸ்சேஞ்ச் எனும் தொலைபேசி நிலையத்திலிருந்தே செப்புக்கம்பி வழியாக வந்தது. வீட்டில் கரண்ட் போனாலும் வயர் போன் உயிரோடு இருந்ததற்கு அதுதான் காரணம். புதிய முறையில் அழைப்பு வீட்டு இணையப் பெட்டியான ரவுட்டர் வழியாகப் போகிறது. ரவுட்டர் அணைந்தால் அவசர இலக்கமான 999 கூட எடுக்க முடியாது.

பட்டனின் சிக்கல் வேறு. அதை அழுத்தியதும் மேசையிலிருக்கும் பெட்டி கண்காணிப்பு நிலையத்தை அழைக்கிறது. பழைய பெட்டிகள் யாருடைய வீடு, என்ன அவசரம் என்பதைத் தொனிகளாக அனுப்புபவை. இணையத்தில் ஒலி துண்டு துண்டாகப் போகும்போது ஏற்படும் சிறு தாமதம் நமது பேச்சைக் கெடுக்காது. அந்தத் தொனிகளைக் கெடுத்துவிடும். ஒருநாள் சரியாகப் போகும், இன்னொருநாள் போகாது. அதனால் ஒருமுறை வேலை செய்ததை வைத்து நிம்மதி அடைய வேண்டாம்.

முதலில் பட்டன் சேவையை நடத்தும் கவுன்சிலையோ நிறுவனத்தையோ அழைத்து, பெட்டியின் மாடலைச் சொல்லி, டிஜிற்றல் லைனுக்கு ஏற்றதா என்று கேளுங்கள். சிம் கார்டும் சொந்தப் பற்றரியும் உள்ள புதிய பெட்டியாக மாற்றித் தரச் சொல்வதே நல்லது. அது ரவுட்டரை நம்பியிருக்காது.

அடுத்து தொலைபேசி நிறுவனத்திடம் மூன்று விடயங்களைப் பதியச் சொல்லுங்கள்: அவசரப் பட்டன் இருக்கிறது, கைத்தொலைபேசி இல்லை, தனியாக வசிக்கிறார். பட்டன் வைத்திருப்பவர்களுக்கு, அது புதிய லைனில் இயங்கும் என்று உறுதிப்படுத்தாமல் மாற்றுவதில்லை என 2023 டிசம்பரில் பெரிய நிறுவனங்கள் அரசுக்கு வாக்குக் கொடுத்திருக்கின்றன. அதை நினைவூட்டத் தயங்க வேண்டாம். பொறியியலாளர் வீட்டுக்கு வந்து மாற்றித் தருவாரா என்றும் கேளுங்கள்.

மின்வெட்டில் குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர அழைப்பு எடுக்க தொலைபேசி நிறுவனம் வழி செய்ய வேண்டும் என்பது தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் ஆஃப்காம் அமைப்பின் விதி. வீட்டுத் தொலைபேசியை மட்டுமே நம்பியிருக்கும் உங்கள் அம்மா போன்றவர்களுக்கு அது இலவசம். பற்றரி தந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: ஃபைபர் இணைப்பென்றால் சுவரில் இன்னொரு சிறு பெட்டியும் இருக்கும், அதற்கும் மின்சாரம் வேண்டும். வயர்லெஸ் போனின் அடித்தளத்துக்கும் வேண்டும். ரவுட்டரை மட்டும் பற்றரியில் போட்டுவிட்டு மற்ற இரண்டையும் மறப்பதுதான் பலரும் விடும் பிழை. ஆகவே வயர் உள்ள சாதாரண போன் ஒன்றை வீட்டில் வைத்திருங்கள்.

மாற்றும் நாளில் போன் வயர் சுவரிலிருந்து ரவுட்டரின் பின்புறத் துளைக்குப் போகும். படுக்கையறைச் சுவரிலுள்ள பழைய சொக்கெற் பெரும்பாலும் செத்துவிடும். அங்கே வயர்லெஸ் வீட்டுப் போன் ஒன்று தேவைப்படும். பட்டனின் பழைய பெட்டியையே தொடர்ந்து வைத்திருக்க பட்டன் சேவை நிறுவனம் அனுமதித்தால், பெட்டி நேராக ரவுட்டரில், போன் பெட்டியில் என்ற வரிசையில் மாட்டுங்கள். இல்லாவிட்டால் ரிசீவர் சரியாக வைக்கப்படாதபோது பட்டனுக்கு லைன் கிடைக்காது.

உடனே சோதியுங்கள். படுக்கையறையிலிருந்தும் குளியலறையிலிருந்தும் அம்மாவே அழுத்தட்டும். கண்காணிப்பு நிலையத்தில் அழைப்பை எடுப்பவரிடம், திரையில் எந்தப் பெயர், எந்த முகவரி தெரிகிறது என்று கேளுங்கள். பிறகு ரவுட்டரின் பிளக்கைக் கழற்றி மீண்டும் அழுத்தச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை இப்படிச் செய்யுங்கள்.

மின் விநியோக நிறுவனத்தின் முன்னுரிமைப் பட்டியலிலும் அம்மாவின் பெயரைச் சேருங்கள். 105க்கு அழைத்தால் அந்தப் பகுதி நிறுவனத்துடன் இணைப்பார்கள்.

இந்த மாற்றத்தைச் சொல்லி வங்கி விவரம் கேட்டு யாராவது அழைத்தால் அது மோசடி. போனை வைத்துவிடச் சொல்லி வையுங்கள். வீட்டுத் தொலைபேசி இலக்கம் பொதுவாக மாறாது. ஆனால் லண்டனுக்குள் அழைக்கவும் இனி லண்டனின் பகுதிக் குறியீடான 020 சேர்க்க வேண்டியிருக்கும். அம்மாவின் போனில் ஒரே பொத்தானில் பதிந்த இலக்கங்கள் 020 இல்லாமல் இருந்தால், அன்றைக்கே திரும்பப் பதிந்து கொடுங்கள்.