"குழந்தைகளிடம் ஏடிஎச்டி பெருகிவிட்டது" என்று வரும் செய்திகளை நம்பலாமா?

கும்பகோணத்தில் ஒன்றாம் வகுப்புப் படிக்கும் பையனை நினைத்துப் பயந்து கேட்டிருக்கிறீர்கள். ஏடிஎச்டி என்பது கவனம் நிலைக்காமல் போவது, அடக்க முடியாத துறுதுறுப்பு ஆகியவை காணப்படும் குறைபாடு. சரி, முதலில் எண் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அமெரிக்காவில் 3 முதல் 17 வயது வரை 11.4 சதவீதப் பிள்ளைகளுக்கு இது என்ற 2022 கணக்கு, பிள்ளைக்கு ஏடிஎச்டி என்று டாக்டர் எப்போதாவது சொன்னாரா என்று பெற்றோரிடம் கேட்டு எடுத்தது. நம்ம டெல்டாப் பிள்ளைகளைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

ஏடிஎச்டிக்கு அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தரும் வரையறையும் மாறியது. அறிகுறி 7 வயதுக்குள் தெரிய வேண்டும் என்றிருந்ததை 2013-இல் 12 ஆக்கினார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது இது: பல நாட்டு ஆய்வுகளில், வகுப்பில் வயது குறைந்த பிள்ளைகளுக்கே ஏடிஎச்டி என்ற பெயர் அதிகம் விழுகிறது. ஒரே பெஞ்சில் இருப்பவர்களுக்குள் பத்துப் பதினோரு மாத வித்தியாசம் இருக்கலாம். ஆறு வயதில் அது பெரிசு.

அதற்காக அலட்சியமும் வேண்டாம். வீட்டிலும் பள்ளியிலும் ஆறு மாதமாகத் தவிக்கிறான் என்றால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள், டீச்சர் எழுதிய குறிப்போடு.